மாமா டிவியில் வந்த நாள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் டிவியில் வந்தவர் என் தாய்மாமாதான். இதைப் பள்ளியில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

மாமா மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவர் போய்த் தைப்பூசத்துக்கு வாய்ப்பூட்டு அலகு குத்தப்போவதாகச் சொன்னதும் அம்மா திகைத்துவிட்டார்.

"பேசிப் பேசி வாய்தான் வலிக்குது, அக்கா. ஆபீஸ்லயும் கேக்கல, பேப்பர்லயும் போடல. அன்னிக்குத்தான் எல்லா டிவிக்காரனும் கேமராவோட வருவான் லா. வாயப் பூட்டிக்கிட்டு நிக்கிறேன். அப்பவாச்சும் என்னான்னு கேப்பானுங்கல்ல?"

விஷயம் அவர் மகளைப் பற்றியது. அத்தைக்கு அடையாள அட்டை இல்லை. அதனால் அவர்கள் கல்யாணம் பதிவாகவில்லை. பதிவாகாத கல்யாணத்தில் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதானாம். அதனால் எங்கள் ஊர் பாகான் டாலாமிலேயே பிறந்து, எங்கள் பக்கத்து வீட்டிலேயே வளர்ந்தவளுக்குக் குடியுரிமை இல்லை. அவளுக்கு என் வயதுதான். எந்தப் பள்ளியிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் எனக்கு எங்கே காதில் ஏறியது? டிவி என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

பூசத்தன்று ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போனோம். அடேயப்பா! ரோடெல்லாம் உடைத்த தேங்காய், காதைப் பிளக்கும் உறுமி மேளம், பந்தலுக்குப் பந்தல் மோரும் சர்பத்தும். மாமாவின் கன்னங்களைத் துளைத்து வேல் நின்றது. கழுத்தில் பலகை தொங்கியது. 'என் மகள் இந்த மண்ணில் பிறந்தவள். அவளைப் பள்ளியில் சேருங்கள்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தார். நானும் மாமா மகளும் 'வேல் வேல்' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினோம்.

மலையடிவாரத்தில் எல்லோரும் படியேற, மாமா மட்டும் வழியிலேயே நின்றுவிட்டார். என்னவோ என்று கூட்டம் கூடியது. ஒரு பெண் பலகையைப் படித்தார்.

"புள்ளைக்குப் பள்ளிக்கூடம் கெடைக்கணும்னு வேண்டுதலாம். முருகன் குடுப்பாரு, சாமி!"

மாமாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார். அதைப் பார்த்து இன்னொருவர் மாலை போட்டார். அப்புறம் மாலைக்கு மேல் மாலை. மாமா கழற்றக் கழற்றப் புதிதாக விழுந்தது. பலகை மறைந்தே போனது. அந்த நேரம் பார்த்துக் கேமரா வந்தது. மாமா தொண்டைக்குள்ளிருந்து ஏதோ முனகினார், கண்ணீர் கொட்டியது. "அருள் வந்துருச்சு!" என்றார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. கேமரா போனதும் இரண்டு தொண்டர்கள் அவரை அன்பாக உட்காரவைத்து, அலகை எடுத்துத் திருநீறு பூசினார்கள்.

இரவுச் செய்தியில் மாமா வந்தேவிட்டார்! 'பரவசத்தில் ஒரு பக்தர்' என்று கீழே எழுத்து ஓடியது. நானும் மாமா மகளும் சோபாவில் ஏறிக் குதித்தோம். சமையலறையில் வீங்கிய கன்னத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, டிவில வந்துட்டீங்க!"

"பலகை தெரிஞ்சிச்சா?"

"இல்ல மாமா, மாலைதான். அவ்ளோ அழகு!"

ஐஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னம் வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

மறுநாள் எல்லோரிடமும் சொல்லும் அவசரத்தில் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளி வேனில் ஏறினேன். மாமா மகள் வழக்கம்போல் வாசலில் நின்று கை காட்டினாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. போதாததற்கு அப்பா வேறு டிவியில் வந்துவிட்டார். கொடுத்துவைத்தவள் என்று எனக்கு அவள்மேல் ஒரே பொறாமையாக இருந்தது.