வாய் திறக்காத பிள்ளைக்கு ஒரு மேன்முறையீடு

பெற்றோரைச் சந்திக்கும் நாட்களில் என் வகுப்பாசிரியை மேசை நடுவில் ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியை ஏற்றிவைப்பார். நல்ல வெளிச்சத்திலும் ஏற்றுவார். கெட்ட செய்தியைக்கூட இதமாகச் சொல்ல வேண்டும் என்பது இந்த டெனிஷ் நாட்டு ஏற்பாடு. ஹோர்சன்ஸில் ஒன்பதாம் வகுப்பில் நானும் அப்பாவும் அந்தச் சுடருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவர் புன்னகை மாறாமல் சொன்னார்: புள்ளிகள் போதும், ஆனால் கிம்னாசியத்துக்கு நான் இன்னும் தயாரில்லை. வகுப்பில் வாய் திறப்பதில்லையாம், யாரோடும் வாதாடுவதில்லையாம், சொந்தக் கருத்தே இல்லையாம். முதியோர் பராமரிப்புப் படிப்புத்தான் என் சுபாவத்துக்குப் பொருந்தும் என்றார். பல்கலைக்கழகத்துக்கு வழி விடுகிற உயர்பள்ளிதான் கிம்னாசியம். அது இல்லையென்றால் நான் ஆசைப்பட்ட மருந்தாளர் படிப்பும் இல்லை. அந்தப் புன்னகையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அப்பா "தக், தக்" என்று டெனிஷில் இரண்டு தரம் நன்றி சொல்லி, எழுந்து கை கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் வாத்தியார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர் அவர். அதே பணிவைத்தான் எனக்கும் ஊட்டியிருந்தார். முதல் நாள் என்னைப் பள்ளியில் விட்டபோதே சொன்னார்: "வாத்திமார் என்ன சொன்னாலும் ஓம் எண்டு கேக்கவேணும். திருப்பிக் கதைக்கக் கூடாது, பிள்ளை." நானும் மடைச்சி மாதிரி அத்தனை வருடமும் கேட்டேன். அதற்குக் கிடைத்த பரிசுதான் அந்த மெழுகுவர்த்தி.

பள்ளியின் முடிவைப் பெற்றோர் ஏற்காவிட்டால், கிம்னாசியமே பிள்ளையை அழைத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த மேன்முறையீட்டை எழுத அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் டெனிஷில் எழுத வேண்டும். "இந்தப் பிள்ளை ஒரு நாளும் வாத்திமாருக்கு வாய் காட்டினதில்லை எண்டு போடு. வீட்டிலயும் அப்பிடித்தான். பார்ட்டி கீர்ட்டி எண்டு போனதில்லை எண்டும் போடு."

"அப்பா, அதைத்தானே அவை குறை எண்டு சொல்லினம்."

"உனக்கென்ன விசரே? அடக்கமான பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் வேண்டாமெண்டும்?"

தமிழ்ப் பள்ளியில் கிடைத்த நன்னடத்தைச் சான்றிதழையும் சேர்த்து வைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் சாட்டிய குற்றத்தை நாங்களே ஒப்புக்கொண்டு, சாட்சியும் இணைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

கிம்னாசியத்திலிருந்து அழைப்பு வந்தது. அதிபர் கடிதத்தை நிதானமாக வாசித்து முடித்தார். "உன் அப்பா எழுதியிருப்பது சரியா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு முன்பே அப்பா பெருமையோடு தலையாட்டத் தொடங்கிவிட்டார். ஆமென்றால் இடமில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. "இல்லை," என்றேன். "அப்பா சொல்வது பிழை. எனக்குக் கருத்து இருக்கிறது. சொல்லக் கூடாது என்று இவர் வளர்த்தார். என்ன நினைக்கிறாய் என்று அந்த ஆசிரியை ஒரு தரமாவது கேட்டதில்லை." தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அப்பாவின் தலையாட்டல் நின்றுபோனது. அதிபருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இப்படிப் பேசுகிறவர்கள்தான் தங்களுக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே கை கொடுத்தார். பெற்ற தகப்பனை அந்நியர் முன்னால் சிறுமைப்படுத்தினால்தான் திறக்கிற கதவு அது. நான் சொன்னதற்கு வருந்தவில்லை. சொல்ல வைத்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

வீடு வந்து காரை நிறுத்திய பிறகும் அப்பா இறங்கவில்லை. "இடம் கிடைச்சிட்டுது. நல்லது," என்றார். பிறகு காரின் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனனி?"

அதன் பிறகு என் படிப்புச் சம்பந்தமான எதற்கும் அவர் வரவில்லை. கிம்னாசியம் முடித்தவர்கள் போடுகிற வெள்ளைத் தொப்பியை நான் போட்ட நாளில் தனக்கு வேலை இருக்கிறது என்றார். அது வேலையில்லாத நாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இப்போது சில்க்போர்க்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் என் மகளின் வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஆள் வேறு, ஊர் வேறு, மேசையில் அதே வெள்ளை மெழுகுவர்த்தி. மகள் வீட்டில் ஒவ்வொரு நாளும் புத்தகம் வாசிப்பாள் என்று பெருமையாகச் சொன்னேன். முதலாம் வகுப்புப் படிக்கிற அந்த வாண்டு டெனிஷில் வெட்டியது: "அம்மா சொல்வது சரியில்லை. அம்மாதான் வாசிப்பார். நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்." ஆசிரியை சிரித்து, எவ்வளவு துணிச்சலான பிள்ளை என்று அவளை மெச்சினார். அவள் சொன்னது உண்மைதான். என் முகம் சுட்டது. அன்று காரில் அப்பா கேட்ட கேள்வி என் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "தக்" என்று சொல்லிக் கை கொடுத்தேன். புறப்படும்போது குனிந்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன்.