முதலில் என் கண்ணில் பட்ட பாம்பு

ஞாயிறு காலையில் எங்கள் காலேஜ் கேங் படப்பைப் பக்கம் இருக்கும் ஒரு குன்றில் ஏறும். ஒவ்வொரு முறையும் என் கிளாஸ்மேட் இர்ஃபான் கண்ணில்தான் ஏதாவது சிக்கும். புள்ளிமான், உடும்பு, ஒருமுறை நரிகூட. வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோவுக்கு ஹார்ட் குவியும். நான் பார்த்ததெல்லாம் ஆடுகளும் தெருநாய்களும்தான். உண்மையைச் சொல்கிறேன், வயிறு எரிந்தது.

போன மாதம் வேண்டுமென்றே எல்லோருக்கும் முன்னால் ஏறினேன். பாறையோரச் சருகில் தடியாக, உடம்பெல்லாம் பழுப்பு வட்டங்களோடு ஒன்று சுருண்டு கிடந்தது. மலைப்பாம்புக் குட்டி! விஷம் கிடையாது. இர்ஃபான் வருவதற்குள் செல்ஃபி எடுத்துவிட வேண்டும் என்று அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் குக்கர் மாதிரி 'உஸ்ஸ்' என்று சத்தம். ஃபிரேமில் தலை தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன்.

யாரோ என் கையைப் பிடித்து முன்னால் இழுத்ததில் குப்புற விழுந்தேன். இர்ஃபான்தான்.

"டேய் லூசு, அது கண்ணாடி விரியன்டா! அவ்ளோ சீறுது, காதுல விழலயா?"

"விழுந்துச்சு மச்சான். நீ வர்றதுக்குள்ள எடுத்துடலாம்னு..."

"எடுத்திருப்ப. நாங்க அந்த போட்டோவுக்கு மாலை போட்டிருப்போம்."

இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் பத்தடி தள்ளி நின்று முதலில் இர்ஃபானைக் கூப்பிடுகிறேன். அது என்னவென்று அவன் சொன்ன பிறகுதான் போனை எடுப்பேன்.

அந்த விரியனையும் தூரத்திலிருந்து ஜூம் செய்து அவன்தான் போட்டோ எடுத்தான். குரூப்பில் ஹார்ட் குவிந்தது. உயிரைக் காப்பாற்றியவன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை முதலில் பார்த்தது நான்!