மீன் கழுவிய தண்ணீரும் வாடகை ஒப்பந்தமும்

பல்கனியில் பூச்சட்டி வைக்கக் கூடாது என்று எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கீழ்வீட்டு இத்தாலிய அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைப்பவர், வாயால் சொன்னார். அது ஒப்பந்தத்தைவிட உறுதியானது. வீட்டின் சொந்தக்காரி அவர்தான். அவருடைய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் எங்கள் பல்கனிக்கு நேர் கீழே காயும். நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு சட்டியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிய நாளை அவர் இன்னும் ஒரு போரைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகிறார்.

ஆகவே, மரக்கறி வளர்ப்பது என்று நான் முடிவெடுத்தபோது வீட்டுக்குள்தான் இடம் இருந்தது. காரணம் கறிவேப்பிலை. பலெர்மோவில் வியா மக்வேதா தெருப் பக்கத்து எங்கள் ஊர்ச் சாமான் கடைக்கு அது வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை வேலை முடிந்து நாங்கள் போய்ச் சேரும்போது கறுத்த ஈர்க்குகளே மிஞ்சியிருக்கும்.

எதற்கும் திகதி குறித்து வைப்பது என் வழக்கம். விதை போட்டது மார்ச்சில், சூசையப்பர் திருநாளன்று. அதற்கு முந்திய மாரிகாலம் முழுவதும் படித்தேன். எலுமிச்சையையும் கத்தரியையும் இந்தத் தீவுக்கு அரபியர் கொண்டுவந்தார்கள். தக்காளி அமெரிக்காவிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. அந்த வரிசையில் அடுத்தது கறிவேப்பிலை என்று எனக்குத் தோன்றியது. அதைக் கொண்டுவரப்போகிறவர் யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கள் குசினி ஜன்னலுக்கு வெளியே வானம் இல்லை, எதிர்ச்சுவர்தான். அதனால் ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்கு ஒன்றை வாங்கிப் பூட்டினேன். மண்ணின் ஈரம் பார்க்க ஒரு கருவி. ஒவ்வொரு சட்டியிலும் பெயரும் திகதியும் எழுதிய ஒரு குச்சி. பொலிதேயாமா அரங்குப் பக்கத்து வீடொன்றில் வீட்டுவேலை முடித்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதென்னப்பா, குசினியை ஆஸ்பத்திரி ஆக்கிப்போட்டியள்?"

"செடிக்குப் பதினாறு மணித்தியாலம் வெளிச்சம் வேணும்."

"எனக்கு எட்டு மணித்தியாலம் நித்திரை வேணும். அதுக்கும் ஒரு லைட் விக்கினமோ?"

அந்த வெளிச்சத்தில் பருப்புக் கறியும் கத்தரிக்காய்க் கறியும் ஒரே நிறமாகத் தெரிந்தன. வாயில் வைத்த பிறகே எது எது என்று தெரியும்.

சிஞ்ஞோராவின் பசிலிகோ, இந்த ஊர்த் துளசி, ஒலிவ் எண்ணெய்த் தகரத்தில், எந்தக் கருவியும் இல்லாமல், புதர்போல் வளர்ந்து நின்றது. நான் விதைத்த பசிலிகோ ஈரம் அளக்கப்பட்டு, வெளிச்சம் அளக்கப்பட்டு, மே மாதத்தில் இறந்தது. குச்சி மட்டும் திகதியோடு நடுகல்போல் நின்றது. கொத்தமல்லி நூலாக நீண்டு படுத்துக்கொண்டது. மிளகாய் பூத்தது. ஆனால் வீட்டுக்குள் தேனீ ஏது? மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ நானே மகரந்தம் தடவினேன். மனைவி இதைத் தன் தங்கைக்குத் தொலைபேசியில் அறிவித்தாள்.

"ஓமடி, அத்தார் இப்ப மிளகாய்க்குக் கலியாணம் செய்து வைக்கிறார். சீதனம் இன்னும் பேசேல்லை."

அந்தக் கலியாணத்தில் ஒரு மிளகாய் பிறந்தது. அதை இரண்டாக வெட்டிச் சம்பலுக்குப் போட்டோம். உறைக்கவில்லை.

ஜூலையில், சாந்தா ரொசாலியா திருவிழாவுக்கு ஊர் விளக்குக் கட்டிய வாரத்தில், மிஞ்சி நின்றது கறிவேப்பிலைக் கன்று ஒன்றுதான். அது சாகவும் இல்லை, வளரவும் இல்லை. அதே வாரத்தில் சிஞ்ஞோரா படியில் மறித்துச் சொன்னார்: ஒப்பந்தம் இலையுதிர்காலத்தோடு முடிகிறது, தன் அக்காவின் மகன் இந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கான அறைகளாக மாற்றச் சொல்கிறான், செப்டெம்பரில் வந்து பார்ப்பான், அதற்குப் பிறகுதான் முடிவு.

போர்கோ வெக்கியோ என்ற இந்தப் பகுதியில், எங்கள் ஒழுங்கையிலேயே வீடுகள் ஒவ்வொன்றாக அப்படி மாறிக்கொண்டிருந்தன. கல் பாதையில் பயணிகளின் பெட்டிச் சில்லுகள் கடகடத்தன. வாடகை வீடு கேட்டுத் தொலைபேசி எடுத்தால், எங்கள் பெயரைக் கேட்டதுமே வீடு கொடுபட்டுவிடும். இந்த வீடு போனால் பலெர்மோவின் எந்த ஓரத்துக்குப் போவோம் என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்க வந்த மன்னார் நண்பர் கன்றைப் பார்த்தார். உணவகமொன்றில் சமையல் வேலை அவருக்கு.

"அண்ணை, உது பட்டினி கிடக்குது. மீன் கழுவின தண்ணி ஊத்துங்கோ. எங்கட பக்கம் கறிவேப்பிலை கூரைக்கு மேல நிக்கும்."

மீனில் நைதரசன் உண்டு என்று நானும் படித்திருந்தேன். அந்தக் கறிவேப்பிலை வெளிக்காணியில், கடற்காற்றில் நிற்கிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று தொடக்கம், சந்தையில் வாங்கும் மத்தி கழுவிய தண்ணீர் இரத்தமும் செதிளுமாகச் சட்டிக்குள் போனது. கன்று துளிர் விட்டது. திகதி குறித்தேன். மணமும் துளிர்த்தது. அதற்குத் திகதி குறிக்கவில்லை. தினமும் முகர்ந்த என் மூக்குக்கு அது தெரியவில்லை.

செப்டெம்பரில் ஆபிரிக்காவிலிருந்து சிரொக்கோ என்ற வெக்கைக் காற்று வீசி, ஜன்னல்களை மூடி வைத்திருந்த ஒரு காலையில், சிஞ்ஞோரா படியில் நின்று கத்தினார்: அக்காவின் மகன் இன்னும் சற்று நேரத்தில் வருகிறான்.

மீன் நாற்றத்தை மறைக்க மனைவி கறுவா அவித்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள். பிறகு மூக்கைச் சுழித்தாள்.

"இப்ப மீனுக்குச் செத்தவீடு நடக்கிற மாதிரிக் கிடக்கு. சட்டியைக் கொண்டுபோய் எறியுங்கோ!"

"துளிர் விட்டிருக்குதப்பா."

"வீடு போனா துளிரைக் கொண்டு எங்க போறது?"

மணி அடித்தது. கன்றைக் கையோடு தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் திணித்தேன்.

சிஞ்ஞோராவின் பெறாமகன், அந்த அக்கா மகன், நறுமணத்தோடு வந்தான். சுவர்களைக் கைத்தொலைபேசியால் அளந்தான். இரண்டாவது குளியலறை எங்கே வரும் என்று சித்திக்குக் காட்டினான். குசினிக்குள் ஓரடி வைத்தவன் நின்றான். கைக்குட்டையை எடுத்தான். தொட்டியருகே குனிந்தவன் விழுந்தடித்து நிமிர்ந்தான்.

"சித்தி, கழிவுக்குழாய்! எவ்வளவு காலமாக இப்படி?"

அவன் பார்த்தது என் மனைவியை. "கோடையிலிருந்து," என்றாள். அது உண்மைதான்.

சிஞ்ஞோரா கிட்ட வந்து முகர்ந்தார். மீன் சந்தைக்கு மேல் மாடியில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஊதா விளக்கைப் பார்த்தார். அலுமாரிக் கதவில் அகப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒப்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"கோடையாவது! என் கலியாணத்துக்கு முன்பே இந்த நாற்றம் இருக்கிறது," என்று பெறாமகனிடம் சொன்னார். "பழைய கட்டடம். கீழே என் வீடு வரை உடைத்துக் குழாய் மாற்றவேண்டும். என் வீட்டை உடைக்க நான் விடமாட்டேன்."

அவன் படியிறங்கிய வேகத்தில் ஊதுபத்திப் புகை திரும்பிப் பார்த்தது. சிஞ்ஞோரா அலுமாரியைத் திறந்தார்.

"மத்தி," என்றார். "தலையோடு கழுவினீர்களா?"

நான் தலையாட்டினேன்.

"ஒவ்வோர் இரவும் ஒரு புதுப் பயணியின் பெட்டி என் தலைக்கு மேலே உருளவேண்டுமாம். நான் படுத்துக் கேட்கவேண்டுமாம்." சட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "இதை வெளியே வையுங்கள். என் விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தால், அவனை நானே கூப்பிடுவேன்."

நவம்பரில், சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கறிவேப்பிலை இப்போது பல்கனியில், ஆழமான தட்டொன்றின் மேல், என் இடுப்பளவுக்கு நிற்கிறது. குடிப்பது வெறும் தண்ணீர். ஆனால் பெறாமகன் ஆசையை இன்னும் விடவில்லை. அவனுடைய கார் ஒழுங்கை முனையில் தெரிந்ததும், கீழிருந்து சிஞ்ஞோரா வீடு கூட்டும் தும்புத்தடியால் எங்கள் தரையில் இடிக்கும் சத்தம் கேட்கும்.

"இஞ்சேருங்கோ, வாறான்!" என்று மனைவி கத்துவாள். "சட்டியை உள்ளுக்க எடுங்கோ. மீன் தண்ணியை நான் ஊத்திறன்."