மிளகுக் குறிப்பு யாரு அனுப்புனா?

காயிதம் கிழியுற சத்தம் கேட்டா உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் வருமா? எனக்கு எங்கம்மா மேல வரும். இப்பத்தான் அம்மா காலண்டர் தாளைக் கிழிச்சா. நான் மனசால நேரா, மூணாங்கிளாஸ் படிச்சப்போ இருந்த கொச்சி மட்டாஞ்சேரி வீட்டுக்குப் போயிட்டேன்.

எதிர்ல மிளகு குடோன், வீடு முழுக்க அந்த நெடி. ஒரு தமிழ் வாரப் பத்திரிகை, விடையை அவங்களே குடுத்து, அதுக்குக் குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதச் சொல்லிப் போட்டி வைக்கும். அப்பா விடையை மறைச்சுக்கிட்டு, எழுதினதை அம்மாகிட்ட படிப்பார். அம்மா டக்குனு கண்டுபிடிச்சுட்டா, ரொம்ப ஈஸின்னு கிழிச்சுப் போட்டுருவார்.

ஒரு நாள் படிச்சது: 'முகம் சுருங்கியவனைத் தேடிக் கப்பல்கள் வந்தன.'

"மிளகு. இதுக்குப் போயி ராத்திரி பூரா மண்டைய ஒடைச்சீங்களா?"

கிழிச்சுட்டார். அப்புறம் அனுப்புனது அவருக்கே புரியாத ஒண்ணு. காலைல நான் கூட்டுறப்போ, கிழிச்ச துண்டு ஒண்ணுகூட இல்ல.

ரிசல்ட்ல கப்பல் குறிப்புக்குத்தான் முதல் பரிசு. எழுதினது 'கொச்சி வாசகி'யாம். அப்பா அதை சாயாக்கடையில உரக்கச் சொல்லிக் காட்டியிருந்தார், அதனால நேரா கடைக்கார மலையாளி சேட்டன்கிட்ட பாஞ்சார்.

"சேட்டா, என் குறிப்பை யாருக்குய்யா சொன்னே?"

"எனிக்குத் தமிழ் வாயிக்கான்கூட அறியில்லல்லோ அண்ணாச்சி!" தமிழ் வாசிக்கவே தெரியாதாம்.

"அதான்யா சந்தேகமே!"

அன்னியோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுச்சு. அப்பா அப்புறம் ஒரு குறிப்பும் எழுதல. எப்பவும் சேட்டனுக்குப் பரிஞ்சு பேசுற அம்மா மட்டும், அன்னிக்கு அரிசியில கல்லு பொறுக்கிட்டிருந்தா.

இப்ப நேராவே கேட்டுட்டேன், "நீதானம்மா அனுப்புன?"

அம்மா எந்திரிச்சு மாவாட்டப் போயிட்டா.