சனிக்கிழமைகளில் இடம் மாறிய புத்தகம்

எழுபதுகளில் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் சோவியத் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஒருவர் வருவார். கோடையிலும் கழற்றாத கம்பளிக் குல்லாய், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. ஆர்மீனிய அலமாரியிலிருந்து எப்போதும் அதே ஒரு புத்தகத்தை உருவி, ஜார்ஜிய அலமாரியில் செருகிவிட்டுப் போவார். அன்று மாலையே அதைத் திரும்ப எடுத்து வைப்பது என் தலையெழுத்து.

ஒருநாள் பொறுமை போய், "எத்தனை தடவைதான்யா சொல்றது?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில், "அது ஆர்மீனிய மொழிப் புத்தகம்தானே?" என்றேன்.

"ஆனால் எங்கள் ராஜாக்களின் வரலாறு. அந்தக் காலத்திலேயே பக்கத்து நாட்டு ஆர்மீனியர்கள் அதை மொழிபெயர்த்துக்கொண்டார்கள்."

"சரி, படித்துவிட்டு அங்கேயே வையுங்களேன்."

"எனக்கு ஆர்மீனிய மொழி தெரியாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்புறம் எதற்கு இந்த வம்பு?"

"எங்களிடம் மிஞ்சியிருக்கும் கையெழுத்துப் பிரதிகளைவிட, அவர்கள் காப்பாற்றி வைத்த பிரதிதான் பழையது. வாரத்துக்கு ஒருமுறையாவது அது வீட்டுக்கு வந்து போகட்டுமே" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் மாற்றி வைத்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் புத்தகத்தைத் திங்கள் காலையில்தான் திரும்ப எடுத்து வைத்தேன்.