வெங்காயக் கண்ணீர்

கமலவேணி என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் போன பிறகு குன்னத்தில் தனியாக இருக்கிறாள். சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்தெடுக்கும் கூலி வேலைக்குப் போய்ப் பிழைக்கிறாள். ஒரே மகன் முத்தமிழ் திருப்பூரில் இருக்கிறான்.

போன அறுவடையில் இவள் தாள் அரிவதை வெங்காய வியாபாரி ராஜராஜன் போனில் படம் பிடித்தான். வெங்காயக் காரத்தில் இவள் கண்ணெல்லாம் தண்ணீர். அதைப் பேஸ்புக்கில் போட்டு, ‘பெற்ற பிள்ளை கைவிட்ட தாய்’ என்று எழுதிவிட்டான். திருப்பூர் வரைக்கும் போய்விட்டது படம்.

மகன் போனில் கத்தினான்.

“என்னப் பத்தி யாருகிட்ட அழுத?”

“வெங்காயத்துக்கு அழுதேன்டா சாமி.”

அவன் நம்பாமல் வைத்துவிட்டான்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ராஜராஜன் களத்துக்குப் போனாள்.

“அத அழிச்சிடுப்பா.”

“எம்புட்டுப் பேரு பாவம்னு போட்டுருக்காங்க அத்த! இருந்துட்டுப் போவட்டுமே.”

நான் சும்மா இருப்பேனா? “உங்க ஆத்தா வெங்காயம் உரிக்கிறப்ப படம் புடிச்சு இதையே எழுதிப் போடு. அப்ப இதுவும் இருக்கட்டும்” என்றேன். தாள் அரிந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். முகம் சுருங்கி அங்கேயே அழித்தான்.

அதைச் சொல்ல மகனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை.

“வேலையா இருப்பான்” என்றேன்.

“தீவாளிக்கு அப்புறம் அவன் பேசுனதே நேத்துத்தான்க்கா. திட்டவாச்சும் கூப்புட்டான்.”

எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். மகன் கூப்பிடுவான் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு, வரமாட்டேன் என்றுவிட்டாள்.