சாமி இருந்த இடத்தில் ஓர் அடுப்பு

எங்கள் வீட்டில் சாமி கும்பிட வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. பெங்களூரில் கண்டோன்மென்ட் பக்கம் இந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். கூடத்தின் கிழக்குச் சுவரில், தரையை ஒட்டி, வளைவு வைத்த பெரிய மாடம் ஒன்று வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. பார்த்தவுடனே என் மனைவி சுமதி, "பூஜைக்குன்னே கட்டி வெச்சிருக்காங்க பாருங்க" என்று முருகனையும் லட்சுமியையும் அதில் குடியேற்றிவிட்டாள். இவ்வளவு தாழ்வாகவா சாமியை வைப்பார்கள் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். எங்கள் ஊர் வேலூராக இருந்தால் நாலு பேரைக் கேட்டிருப்பேன். வெளியூரில் வாய்க்கு வந்த கேள்வியில் பாதியை விழுங்கப் பழகிவிடுகிறோம்.

போன கார்த்திகைக் கடைசியில் அப்பாவை வேலூரிலிருந்து அழைத்து வந்தேன். அம்மா போன பிறகு அங்கே தனியாக இருந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் வரை அப்படியே கிடந்திருக்கிறார். அதற்கு மேலும் அவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொண்டுவந்த பையில் இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா, ஒரு பனையோலை விசிறி. "டிசம்பர்ல பெங்களூருக்கு விசிறியா மாமா?" என்று சுமதி சிரித்தாள். "எப்பவும் பையில கெடக்கும். அதுவா வந்துடுச்சி" என்றார். வந்த வாரமே தூறலும் பனியும் சேர்ந்துகொண்டன. ஸ்வெட்டர், மப்ளர், மேலே இரண்டு கம்பளி என்று எதைப் போட்டும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. "இன்னாடா ஊரு இது, ஐஸ் பொட்டி! தை பொறந்ததும் நான் கெளம்பறேன். அங்க செத்தாலும் வேர்த்து சாவேன்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர் அவர்.

அந்த வேலூர் வெயிலை நாங்கள் திட்டாத நாளில்லை. ட்யூட்டி முடிந்து வந்து அப்பா கழற்றிப் போடும் காக்கிச் சட்டை, வேர்வை உப்புப் பூத்து விறைத்துக் கிடக்கும். சாயங்காலம் மொட்டை மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்றியதும் தரை உஸ்ஸென்று சத்தம் போடும். சூடான சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து ஒரு வாசனை எழும். இரவில் தெருவில் உள்ள எல்லா மாடிகளிலும் பாய் விரித்திருக்கும். ஒரு மாடியில் ஆரம்பித்த பேச்சு நாலு மாடி தாண்டிப் போய்த் திரும்பி வரும். அம்மா அப்பாவுக்கு விசிறிக்கொண்டே இருப்பாள். அவள் கை ஓய்ந்து தூங்கிப் போனதும் அப்பா விசிறியை மெல்ல உருவி அவளுக்கு வீச ஆரம்பிப்பார். இந்த உலையை விட்டு எப்போது ஓடுவோம் என்று கிடந்தவன் நான். பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தபோது சம்பளத்தைவிடக் குளிருக்குத்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்த ஈரத்தரை வாசனைக்கு ஏங்குகிறேன் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

வீட்டுக்கார அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி பின்கட்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸ் கேக் கொடுக்க வந்தவர், அப்பா நடுங்குவதைப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "குமார், தப்பா நினைச்சுக்காதே. உங்க சாமி இருக்குதே, அது ஃபயர்ப்ளேஸ். எங்க டாடி இருந்தப்ப டிசம்பர் பூரா அதுல கட்டை எரியும். அப்புறம் புகைக்கூண்டுல புறா கூடு கட்டுதுன்னு மேல கடப்பாக் கல்லு போட்டு மூடிட்டோம்."

"இத்தனை வருஷமா ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"நீங்க வந்த அன்னைக்கே சாமி வெச்சிட்டீங்க. எடுங்கன்னு எப்படிப்பா சொல்றது? நாங்களும் கிறிஸ்மஸ் குடில் அங்கதானே வெச்சோம்." அடுப்பு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக வைத்துக்கொள் என்றார்.

சாமியை அலமாரிக்கு மாற்றிவிட்டு அந்த மாடத்தில் ஓர் அடுப்பு வைக்கலாம் என்று வீட்டில் சொன்னதுதான் தாமதம், அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமிய எடுத்துட்டு எனக்கு எடமா? நாளைக்கே என்ன பஸ் ஏத்தி உட்டுடு." நான் தயங்கித் தயங்கி, அது மாடமே இல்லை, கட்டும்போதே அடுப்பாகக் கட்டியது என்றேன். அவர் மாடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இத்தினி வருஷமா முருகன அடுப்புக்குள்ளயா உக்கார வெச்சிருந்தீங்க? எடுங்கடா மொதல்ல!" கம்பளியை உதறிவிட்டு அவரே போய் முருகனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சுமதி இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. முருகனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் தொழிற்சாலையில் வெல்டர் மஞ்சுநாத்திடம், கதவு வைத்த சிறிய இரும்பு அடுப்பு ஒன்று வேண்டும் என்றேன். "எஷ்டு ஜனக்கெ அடிகெ சார்?" என்றார். எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்கிறார். சமையலே இல்லை, வீட்டுக்குள் சூடு வேண்டும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். "சும்னே பெங்கி ஹச்சோதா?" சும்மா தீ மூட்டுவதா என்று அவருக்கு ஒரே வியப்பு. ஆனாலும் மனசு கேட்காமல், மேலே ஒரு பாத்திரம் வைக்கத் தட்டையாக இடம் விட்டுத்தான் செய்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சுநாத்தும் நானும் ஓட்டின் மேல் ஏறிக் கடப்பாக் கல்லை நகர்த்தினோம். கூடை கூடையாகப் புறாக்கூடும் கரியும் கொட்டியது. மாடத்தின் வெள்ளையைச் சுரண்டினால் உள்ளே கரிபிடித்த செங்கல். அடுப்பை உள்ளே தள்ளும்போது வளைவில் இடித்தது. அதன் கால்களை அறுத்துக் குட்டையாக்கினோம். மேலே மூடியிருந்த அதே கடப்பாக் கல்லைக் கீழே போட்டு அதன் மேல் அடுப்பை உட்கார வைத்தோம். குழாயைப் புகைக்கூண்டு வழியாக ஏற்றி, சுற்றியிருந்த இடைவெளியை இரும்புத் தகட்டால் அடைத்து, உச்சியில் மழைக்கு ஒரு தகரத் தொப்பி மாட்டினோம்.

முதல் தீ மானத்தை வாங்கியது. புகை முழுக்கக் கூடத்துக்கே திரும்பியது. சுமதி கண்ணைக் கசக்க, அப்பா இரும, சத்தம் கேட்டு வந்த ஸ்டெல்லா ஆன்ட்டி வாசலில் நின்றே, "பேப்பர் சுருட்டிக் கொளுத்தி மொதல்ல குழா வாயில காட்டு. குழா சூடானாதான் புகை ஏறும்" என்றார். காட்டினேன். ஒரு பெருமூச்சுப் போலச் சத்தம் வந்து புகை மேலே போனது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். தோட்டத்துச் சில்வர் ஓக் கட்டை பிடித்துக்கொண்டது.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மப்ளர் போனது. பிறகு ஸ்வெட்டர், பிறகு சட்டை. எழுந்து உள்ளே போனவர் விசிறியோடு திரும்பி வந்தார். வெற்றுடம்போடு உட்கார்ந்து வீசிக்கொள்ள ஆரம்பித்தார்.

"நாற்காலியைக் கொஞ்சம் பின்னால போடட்டா மாமா? ரொம்பச் சுடுது" என்றாள் சுமதி.

"வேணாம்மா. நல்லா இருக்குது." கொஞ்சம் வீசிவிட்டு, தீயைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "பொங்கலுக்குப் போயி வீட்டத் தொறந்து, பெருக்கி, ஒங்கம்மா படத்துக்கு வெளக்கேத்திட்டு, வந்துடலாம்டா."

வந்துடலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும். அவர் முதுகில் கை வைத்தேன். நெஞ்செல்லாம் வேலூராக வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. முதுகு மட்டும் பெங்களூராகச் சில்லிட்டிருந்தது.